பேரிக்காய் வைக்கோல்

அவ்வளவு தடிமனா சீவாதே, பெர்சிஸ். தோலோட பாதிச் சதை போயிடுது பாரு. கத்தியைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடி. ஆங், அப்படித்தான். நீ மோட்டார் போடச் சொல்லத்தானே கீழே வந்தே? போடறேன். வாடகைக்கு வந்தவளை மாடியில தண்ணி இல்லாம விட்டுடுவேனா? இந்தத் தட்டு ஓவனுக்குள்ள போகட்டும், அடுத்த வேலை மோட்டார்தான். உனக்குத்தான் இன்னைக்குப் பள்ளிக்கூடம் லீவாச்சே. உட்காரு. அந்த முக்காலியை இழுத்துப் போட்டுக்கோ.

ஐயையோ, வாயில போடாதே! கீழே வை. இன்னைக்கு எதையும் ருசி பார்க்கக் கூடாது. உனக்குத் தெரியாது, உங்க வேதத்துல இதெல்லாம் கிடையாது. எங்க வீட்டுக்காரர் போய் இன்னையோட ஒரு வருஷம். செத்தவங்க இன்னைக்கு வீட்டுக்கு வருவாங்கன்னு எங்கள்ல நம்பிக்கை. அவங்களுக்குப் பிடிச்சதைச் சமைச்சு, இலை போட்டுப் படைக்கணும். அதுல ஒரு பிடி எடுத்துக் காக்காவுக்கு வைக்கணும். காக்கா தொட்டாத்தான் அவங்க சாப்பிட்டதா அர்த்தம். அதுக்கு அப்புறம்தான் வீட்டுல மத்தவங்க கை நனைக்கலாம்.

பிடிச்சதை வைக்கணும். புரியுதா? அங்கேதான் சண்டை.

அவரோட தங்கச்சி ராஜாமணி வத்தலக்குண்டுல இருந்து வந்துக்கிட்டு இருக்கா. தூக்குச்சட்டி நிறைய அதிரசத்தோட வருவா. "எங்கண்ணனுக்கு அதிரசம்னா உசுரு, மதினி"ன்னு சொல்லிக்கிட்டேதான் பஸ்ஸை விட்டே இறங்குவா. இறங்கட்டும். இலைக்கு நடுவுல எதை வைக்கணும்னு பொண்டாட்டி சொல்லணுமா, தங்கச்சி சொல்லணுமா? நீ டீச்சர், நீயே நாயம் சொல்லு.

சொல்ல வேண்டாம். எனக்கே தெரியும். நடுவுல இதுதான். கிரிஸ்ப். கீழே பேரிக்காய், மேலே ஓட்ஸ், ஓவன்ல வச்சு எடுத்தது. சூடா வைக்கணும். ஆறிப்போச்சுன்னா அது கிரிஸ்ப் இல்ல. நம்ம பின்பக்கத்து மரத்துக் காய்தான். பச்சையாத் தின்னா நறநறன்னு பல்லுல மணல் மாதிரி இருக்கும், வெந்துட்டா அப்படியே குழையும். துண்டை இன்னும் சின்னதா நறுக்கு. அவருக்குக் கடைவாய்ப் பல்லு கிடையாது.

ஆமா, இப்பவும் அதைப் பார்த்துத்தான் நறுக்கணும். வேற யாருக்காக நறுக்கறோம்?

பதினாறாம் நாள் நடந்ததைச் சொல்றேன் கேளு. அன்னைக்கும் இதைத்தான் வச்சேன், இலைக்கு நடுவுல. சொந்தக்காரங்க எல்லாம் வந்திருந்தாங்க, வீடு கொள்ளாத கூட்டம். ராஜாமணி ஓரமா ஒரு வடையும் ரெண்டு அதிரசமும் வச்சா. தங்கச்சி பாசம், வச்சுட்டுப் போறான்னு விட்டேன். எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து இன்னொரு இலையில போட்டு, தகரக் கூரை மேல வச்சான் என் மகன். கூப்பிட்டோம். ரொம்ப நேரம் வரல. அப்புறம் ஒண்ணு வந்துச்சு. முதல்ல வடையைக் கொத்துச்சு. அப்புறம் அதிரசத்தை எடுத்துச்சு. நடுவுல ஆவி பறக்க என்னோடது இருக்கு. அதை ஒரு சுத்து சுத்தி வந்துச்சு. ஒரு கொத்து கொத்துச்சு. கொத்திட்டு, மூக்கைக் கொண்டு போய்த் தகரத்துல இந்தப் பக்கம் ஒரு தேய், அந்தப் பக்கம் ஒரு தேய். பறந்து போயிடுச்சு.

அத்தனை பேரும் பார்த்தாங்க. ராஜாமணிதான் வாயைத் திறந்தா. "எங்கண்ணன் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டுப் போயிடுச்சு"ன்னா. "உசுரோட இருக்கையில வாயைக் கட்டுனீங்க, மதினி. செத்த பிறகுமா?"

பதினாறாம் நாள் ஒருத்தி கிட்டப் பேசுற பேச்சா இது? யாரும் அவளை அடக்கல. என் மகனும் அடக்கல. அவன் கூரையைப் பார்த்துக்கிட்டு நின்னான்.

காக்கா என்ன கண்டுச்சு, நீயே சொல்லு. எதையோ தின்னுட்டு வந்த காக்கா. அதுக்கு ஓட்ஸ் தெரியுமா? சூடு பட்டிருக்கும், அதான் மூக்கைத் தேய்ச்சுச்சு. நான்தான் ஆவி பறக்க வச்சுட்டேன். காக்காவுக்குச் சூடு ஆகாது. இது புரியாம ஒரு கூட்டமே, என்னமோ அவரே இறங்கி வந்து துப்பிட்டுப் போன மாதிரி என்னைப் பார்க்குது. இந்த ஒரு வருஷமா எந்த விசேஷத்துக்குப் போனாலும் அதே பார்வை. போன தை மாசம் ஒரு கல்யாணத்துல பந்தியில உட்கார்ந்திருக்கேன், எனக்குப் பின்னாடி ஒருத்தி இன்னொருத்தி கிட்டச் சொல்றா, "இவங்கதான், அந்தக் காக்கா திங்காத பலகாரம்." எனக்குப் பேரே அதான் இப்போ.

அதனாலதான் இன்னைக்கும் இதையே பண்றேன். வேற என்னத்தை வச்சாலும், 'ஆமா, நீங்க சொன்னதுதான் சரி'ன்னு நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும். மாட்டேன். கூட வாழ்ந்தவ நான்.

எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு விடு, கறுக்காம இருக்கும். பட்டைத் தூள் ஒரு சிட்டிகை. போதும், போதும். என்ன தேடுறே? சர்க்கரையா? இதுல சர்க்கரை கிடையாது. என் கிரிஸ்ப்புல ஒரு நாளும் சர்க்கரை விழுந்தது இல்ல. வீட்டுல நாட்டுச்சர்க்கரை இருக்கு, மேல் தட்டுல கடுகு டப்பாவுக்குப் பின்னாடி, சிவப்பு மூடி போட்ட டப்பா. வர்றவங்க போறவங்க டீக்கு. அவர் கண்ணுல படக் கூடாதுன்னு அங்கே தள்ளி வச்சேன். அவர் போன பிறகு யாரு வர்றா? அது அங்கேயே கிடக்கு. நானும் சர்க்கரை இல்லாமத்தான் டீ குடிக்கிறேன். அவர் குடிக்காததை நான் எதுக்குக் குடிக்கணும்?

அவர் மின்வாரியத்துல இருந்தாரு. இந்த மலையில அவர் ஏறாத கம்பம் கிடையாது. மழையில ஏறுவாரு, பனியில ஏறுவாரு. அந்த மனுஷனுக்குக் கால் கட்டை விரல்ல ஒரு சின்னப் புண் வந்துச்சு. ஆறல. பார்த்தா சர்க்கரை எகிறிப் போய் நிக்குது. "விரலை எடுக்க வேண்டி வரும், வாயைக் கட்டணும்"னாரு டாக்டர். நான் கட்டினேன். அன்னையில இருந்து வீட்டுல இனிப்புங்கிற பேச்சு கிடையாது. தீபாவளிக்கு முறுக்கு மட்டும். பொங்கலுக்கு வெண்பொங்கல் மட்டும். ஏரிக்கரையில இருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உள்ள டீக்கடைக்கு எல்லாம் நானே நடந்து போனேன். "என் வீட்டுக்காரர் வந்தா சர்க்கரை போடாதீங்க"ன்னு சொன்னேன். ஒரு டீ மாஸ்டர் கிண்டல் பண்ணினான். "போட்டோ குடுங்கக்கா, தேடப்படும் குற்றவாளின்னு ஒட்டிடுறேன்"னான். மறுநாள் பாஸ்போர்ட் சைஸ்ல ஒண்ணு கொண்டு போய்க் கொடுத்தேன். ஒட்டினானே! அவர் போய் அதைப் பார்த்துட்டு வந்து சிரிச்சாரு. "தமயந்தி, எனக்கு ஊர்ல சிலை வைக்காத குறைதான்"னாரு. அவ்வளவு பெருமை அவருக்கு.

விரல் தப்பிச்சுச்சு. அதை ராஜாமணி சொல்ல மாட்டா.

இந்த கிரிஸ்ப்பை நான் மாதர் சங்கத்துல கத்துக்கிட்டேன். கிறிஸ்துமஸுக்கு முன்னாடி கேக் கிளாஸ் வச்சாங்க, ரோஸ்லின்னு ஒரு அம்மா சொல்லிக் கொடுத்தாங்க. ஓட்ஸ்னு சொன்னதும் எனக்குப் பளிச்சுனு ஆச்சு. டாக்டர் ஓட்ஸ் கொடுக்கச் சொல்லியிருந்தாரு, கஞ்சியா வச்சா இவர் முகத்தைத் திருப்பிக்குவாரு. இதை இப்படிக் கொடுத்தா என்னன்னு தோணுச்சு. "இதுல சர்க்கரையை எடுத்துட்டா என்ன ஆகும்?"னு கேட்டேன். அந்த அம்மா சொன்னாங்க, "சர்க்கரை உருகித்தான் தமயந்தி, ஓட்ஸ் ஒண்ணோட ஒண்ணு பிடிச்சு மொறுமொறுன்னு ஆகும். அது இல்லைன்னா தவிடு மாதிரி உதிரும்." உதிரட்டும்னேன். உதிர்ந்தா அள்ளித் தின்னலாம். விரல் உதிர்ந்தா அள்ள முடியுமா?

முதல் நாள் பண்ணிக் கொடுத்தப்போ ஒரு வாய் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் மென்னாரு. "எப்படி?"ன்னேன். "நிறைய மெல்ல வேண்டியிருக்கு"ன்னாரு. "மெல்லறது உடம்புக்கு நல்லது"ன்னேன். தலையை ஆட்டினாரு. மறுவாட்டி அவரே ஒரு பேரு வச்சுட்டாரு. சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து செருப்பைக் கழட்டும்போதே கேட்பாரு, "என்ன, பேரிக்காய் வைக்கோல் ரெடியா?" வாய் நிறையச் சிரிப்போட. பிடிக்காத ஒண்ணுக்கு ஒரு மனுஷன் பேரு வைப்பானா? பிள்ளைக்கு வைக்கிற மாதிரி வச்சாரு.

நானா? நான் சாப்பிட்டது இல்ல. பேரிக்காய் எனக்கு வாயு. அதுவும் இல்லாம அவருக்குன்னு பண்ணினதுல நான் எதுக்குக் கை வைக்கணும்? ஒரு கிண்ணம், அது அவருக்கு.

அவர் உட்கார்ந்து சாப்பிட மாட்டாரு. கிண்ணத்தை எடுத்துக்கிட்டுப் பின்பக்கம் போயிடுவாரு, முட்டைக்கோஸ் பாத்திக்கு அந்தப் பக்கம், வேலியோரம். காத்தாட நின்னு சாப்பிட்டாத்தான் இறங்கும்பாரு. காலிக் கிண்ணத்தோட வருவாரு. ஒரு பருக்கை மிச்சம் இருக்காது. துடைச்ச மாதிரி இருக்கும். எனக்கு அது போதும். பின்வீட்டு நாய் ஒண்ணு, டைகர்னு பேரு, அது எப்பவும் அவர் காலையே சுத்தும். அவர் மேல அதுக்கு உசுரு. சரியா சாயங்காலம் வேலிக்கு வந்துடும். நல்லா உருண்டு திரண்டு இருந்துச்சு அப்போ. அவர் போன பிறகும் தினம் சாயங்காலம் வந்து வேலியோரம் உட்கார்ந்து ஊளையிட்டுச்சு. எனக்கு அழுகை அழுகையா வரும். மனுஷங்களுக்கு இல்லாத விசுவாசம் பாருன்னு நினைச்சுக்குவேன். பாவம், இப்போ இளைச்சுப் போச்சு.

ஏன் சிரிக்கிறே?

ஒண்ணும் இல்லையா, சரி.

அவரோட மழைக்கோட்டு இருந்துச்சு, ஆபீஸ்ல கொடுத்தது. அதைத் துவைக்க எடுத்தப்போ பாக்கெட் நிறையக் கடலைமிட்டாய்த் தாளு. நான் ராஜாமணி கிட்ட அதைச் சொல்லல, சொன்னா அதையும் ஒரு கதை ஆக்குவா. ரோட்டுல பிள்ளைங்களைப் பார்த்தா ஏதாவது கொடுக்காம வர மாட்டாரு, அதான். குப்பையைக் கீழே போட மாட்டாரு, பாக்கெட்ல போட்டுக்குவாரு. அப்படிப்பட்ட மனுஷன்.

இந்த ஓவனைப் பாரு. இதுக்கு முன்னாடி இங்கே பழைய வயரு, சாயங்காலம் லைட்டெல்லாம் போட்டா கரண்டு மங்கிடும். ஓவன் சூடே ஏறாது. நான் அதைப் பார்த்து ஒரு நாள் அழுதுட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை அவரே ஏணி போட்டு, இந்த ஓவனுக்குன்னு மீட்டர்ல இருந்து தனியா ஒரு லைன் இழுத்துக் கொடுத்தாரு. நாள் பூரா வேலை. சுவரைக் குடைஞ்சு, குழாய் பதிச்சு, சுவிட்ச் வச்சு. "இனிமே உன் வைக்கோலுக்குக் கரண்டு குறையாது"ன்னாரு. அதான் அந்த சுவிட்ச், மஞ்சள் பெயின்ட் தொட்டு வச்சிருக்கு பாரு. இதை நான் ராஜாமணி கிட்டக் கேட்டேன், பதினாறாம் நாளே கேட்டேன். பிடிக்காத பண்டத்துக்கு எவனாவது சுவரைக் குடைவானாடின்னு. அவ என்ன சொன்னா தெரியுமா? "அது பண்டத்துக்கு இல்ல மதினி"ன்னுட்டு அழ ஆரம்பிச்சுட்டா. பதில் இல்லைன்னா அழுதுடுவா. அவ சுபாவம் அது.

தட்டுல காயைப் பரப்பு. ஒரே சீரா இருக்கட்டும். இந்த ஓட்ஸைக் கிண்ணத்துல கொட்டிக்கறேன். கோதுமை மாவு ரெண்டு கை. வெண்ணெய் நல்லா இறுகி இருக்கணும், இளகக் கூடாது. புட்டுக்கு மாவு பிசிறுவோம் பாரு, அப்படி விரல் நுனியால பிசிறணும். நீ வேண்டாம், உன் கை சூடு.

அவர் சர்க்கரையில சாகல, அதைத் தெரிஞ்சுக்கோ. நெஞ்சுவலி. தேனிக்குக் கொண்டு போனோம். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு டாக்டரே கேட்டாரு, "யாரும்மா இவருக்குச் சமைக்கிறது?"ன்னு. நூத்திப்பத்து. அந்த வயசுல, அந்த நிலைமையில, நூத்திப்பத்து. "நல்லாப் பார்த்திருக்கீங்க"ன்னாரு. நாலு பேர் முன்னாடி சொன்னாரு. ஒரு மனுஷன் போகும்போது சர்க்கரை நூத்திப்பத்தோட போனாருன்னா அது யாரால? தங்கச்சியோட அதிரசத்தாலயா?

அங்கே படுத்திருக்கும்போது என்னைக் கிட்ட வரச் சொன்னாரு. மூக்குல குழாய் இருக்கு, பேச்சு மெதுவா வருது. ஏதோ முக்கியமான விஷயம்னு குனிஞ்சேன். "தமயந்தி, ஒரே ஒரு தடவை அந்த வைக்கோல்ல சர்க்கரை போட்டுப் பண்ணேன்"னாரு. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. பார்த்தியா, அந்த நிலைமையிலயும் என் கிரிஸ்ப்பைத்தான் கேட்டாரு. அதிரசத்தைக் கேட்கல. இதை யார் கிட்ட வேணும்னாலும் சொல்வேன்.

"வீட்டுக்கு வாங்க, போட்டுத் தர்றேன்"ன்னேன். "நிஜமா?"ன்னாரு. "நிஜமா. நீங்க முதல்ல வீட்டுக்கு வாங்க"ன்னேன். கண்ணை மூடிக்கிட்டாரு. மறுநாள் காலையில முடிஞ்சு போச்சு.

சும்மா சமாதானத்துக்குச் சொன்னதுதான். சின்னப் பிள்ளைகிட்டச் சொல்ற மாதிரி. வந்திருந்தா போட்டிருப்பேன்னு நினைக்கிறியா? மாட்டேன். கெஞ்சினாலும் போட்டிருக்க மாட்டேன். அந்த விரலைக் காப்பாத்தினவ நான்.

இரு, போன் அடிக்குது. அவதான். என் கையெல்லாம் வெண்ணெய், கொஞ்சம் அதை அழுத்தி என் காதுகிட்டப் பிடி.

ம்ம், சொல்லு ராஜாமணி. வந்துட்டியா? எங்கே, பஸ் ஸ்டாண்டுலயா? ஆட்டோ பிடிச்சு வா, ஏத்தத்துல நடக்காதே, உனக்கு மூச்சு வாங்கும். ஆமா. ஆமாடி, அதேதான் பண்றேன். அதைத்தான் வைப்பேன். உன் அதிரசத்தைக் கொண்டு வா, வேண்டாம்னு யாரு சொன்னா? இலையில இடம் இருக்கு. ஓரத்துல வை. நடுவுல இல்ல. காக்கா திங்கட்டும் திங்காம போகட்டும், அது என் கவலை. அழாதே. பஸ் ஸ்டாண்டுல நின்னு அழாதே, பார்க்கிறவங்க சிரிப்பாங்க. சரி, வை. வாழையிலை இங்கே இருக்கு, அங்கே வாங்காதே. வச்சுடு.

கேட்டியா? "இந்த ஒரு தடவையாவது எங்கண்ணனுக்குப் பிடிச்சதை வைங்க மதினி"ங்கறா. கெஞ்சறாளாம். ஊரே கூரை மேல பார்த்துக்கிட்டு நிக்கப் போகுது இன்னைக்கு. நிக்கட்டும். யாருக்குப் பயந்து நான் மாத்தணும்? இதே பேரிக்காய், இதே ஓட்ஸ், இதே ஓவன். இலைக்கு நடுவுல. யார் வந்து என்ன சொன்னாலும் அதான்.

இவ்வளவு பிசிறினா போதும். பார், பொலபொலன்னு இருக்கு. அந்த ஓவன் சுவிட்சைப் போடு, மஞ்சள் தொட்டது. சூடு ஏறட்டும்.

நீ உயரமா இருக்கே, எட்டும். மேல் தட்டுல கையை விடு. அது இல்ல, அது கடுகு. அதுக்குப் பின்னாடி. சிவப்பு மூடி. ஆங், எடு. மூடி இறுகியிருக்கும், இந்தத் துணியை வச்சுத் திருகு. உள்ளே கட்டி பிடிச்சுக் கிடக்கா? கிடக்கும். குழவியை எடுத்து இங்கே வை.

ஸ்பூன் வேண்டாம்.

நீ போய் மோட்டாரைப் போட்டுட்டு வா. கொல்லைக் கதவுக்குப் பின்னாடி இருக்கு சுவிட்ச். ஈரக் கையோட தொடாதே.